கூட்டத்தோடு சேரும் ஒற்றைக் கோழி

(வானொலி உரை)



இன்றைக்கு நாம் பேசப்போவது பார்வைக்குச் சின்ன விஷயம்தான். ஆனால் புழக்கடையில் பத்துக் கோழி வைத்திருக்கிற வீட்டுக்கு இது பெரிய விஷயம். வீட்டில் ஏற்கனவே கோழிக்கூட்டம் ஒன்று இருக்கிறது. அதில் புதிதாக ஒரே ஒரு இளங்கோழியைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் சேர்ப்பது?

இந்த நிலைமை எப்படி வருகிறது என்று பாருங்கள். அடை வைத்ததில் எட்டுக் குஞ்சு பொரிக்கிறது. காக்காய் இரண்டைத் தூக்கும், பருந்து ஒன்றைத் தூக்கும், கீரியும் பூனையும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். கடைசியில் ஒன்று மிஞ்சும். இன்னொரு வழியும் உண்டு. தாம்பரம், முடிச்சூர், மேடவாக்கம் பக்கத்து ஆட்கள் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போவார்கள். அங்கே ஒரு விடைக்கோழி கண்ணுக்கு அழகாகத் தெரியும். விலை பேசி, காலைக் கட்டி, பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். வந்ததும் கட்டை அவிழ்த்து, இருக்கிற கோழிகளுக்கு நடுவே விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அதற்குப் பிறகு இரண்டில் ஒன்று நடக்கலாம். மறுநாள் காலையில் அந்த இளங்கோழி தலையில் ரத்தத்தோடு மூலையில் ஒடுங்கிக் கிடக்கலாம். அல்லது அது நன்றாகவே இருந்து, பத்து நாள் கழித்துப் பழைய கோழிகள் ஒவ்வொன்றாக வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து தலை சாய்க்கலாம். முதலாவதில் போவது ஒரு கோழி. இரண்டாவதில் கூட்டமே போய்விடும். முட்டை விற்றுப் பிள்ளைக்கு நோட்டு வாங்கித் தருகிற அம்மாவுக்கு அது சின்ன நஷ்டமா? இரண்டு நஷ்டத்துக்கும் காரணம் ஒன்றுதான்: அவசரம்.

ஏன் கொத்துகின்றன?

"கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அது தாய்க்கோழியைப் பற்றிய பேச்சு. அந்நியக் கோழி கொத்தினால் குஞ்சு சாகக்கூடும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோழிக்கூட்டத்துக்குள் ஒரு வரிசை உண்டு. இவள் முதல், அவள் இரண்டாவது, இவள் கடைசி என்று அவை தமக்குள் முடிவு செய்து வைத்திருக்கின்றன. தீவனம் போட்டதும் யார் முதலில் வாய் வைப்பது, கூட்டில் எந்த இடத்தில் யார் உட்காருவது, முட்டையிடும் கூடையில் யார் முதலில் ஏறுவது எல்லாமே இந்த வரிசைப்படிதான். மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொத்தும். கீழே இருப்பது திருப்பிக் கொத்தாது, ஒதுங்கிப் போகும். நார்வே நாட்டில் தார்லீஃப் ஷெல்டரப்-எப்பே என்பவர் சிறு பிள்ளையாக இருந்தபோதிலிருந்தே கோழிகளைக் கவனித்து வந்தார். பிற்பாடு விலங்கியல் அறிஞராகி, 1920-களின் தொடக்கத்தில் இந்தக் கொத்து வரிசையைப் பற்றி எழுதி உலகத்துக்குச் சொன்னார். நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. "அந்தக் கறுப்புப் பெட்டை இருக்கே, அதுதான் எல்லாத்தையும் விரட்டும்" என்று அவர்கள் சொல்வது இந்த வரிசையைத்தான்.

இந்த வரிசையை வெறும் கொடுமை என்று நினைக்க வேண்டாம். வரிசை இருப்பதால்தான் தினமும் சண்டை இல்லாமல் இருக்கிறது. ஒரு முறை முடிவானால், பிறகு ஒரு பார்வை போதும். கீழே உள்ளது விலகிக்கொள்ளும். கோழிகள் ஒன்றையொன்று முகத்தையும் கொண்டையையும் வைத்து அடையாளம் கண்டுகொள்கின்றன. தெரியாத முகம் ஒன்று திடீரென்று நடுவில் வந்து நின்றால், அதற்கு வரிசையில் இடம் கிடையாது. ஆகவே எல்லாம் சேர்ந்து அதைக் கொத்தும். வந்தது வளர்ந்த கோழியாக இருந்தால் எதிர்த்து நின்று தன் இடத்தைப் பிடிக்கும். இளசாக, ஒற்றையாக இருந்தால் என்ன செய்யும்? ஓட இடம் இருந்தால் ஓடும். இல்லாவிட்டால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அடி வாங்கும்.

நம் கூட்டத்துக் கோழியையே இரண்டு மூன்று வாரம் பிரித்து வைத்துவிட்டுத் திரும்ப விட்டால்கூட, மற்றவை அதை அந்நியமாகப் பார்ப்பதுண்டு. சீக்குக்காகப் பிரித்து வைத்த கோழியைச் சேர்க்கும்போதும் இனிச் சொல்லப்போகிற முறையையே கையாள வேண்டும்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

தாய் இல்லாத குஞ்சை 10, 12 வாரத்துக்கு முன்னால் பெரிய கோழிகளோடு விடக்கூடாது. வயதைவிட உடம்பைப் பாருங்கள். பெரிய கோழியின் உடம்பில் முக்கால் பங்காவது வளர்ந்திருக்க வேண்டும். உங்கள் கூட்டம் சிறுவிடையாக இருந்தால் அந்த அளவு சீக்கிரம் வந்துவிடும். பெருவிடைக் கூட்டம் என்றால் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். பெருவிடைச் சேவலும் பெட்டையும் சண்டைக் குணம் உள்ளவை. அங்கே இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. தோற்றம் வித்தியாசமான கோழி, உதாரணமாகக் கழுத்தில் இறகில்லாத கோழியோ தலையில் இறகுக் கொத்து உள்ள கோழியோ, மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொத்து வாங்கும்.

முடிந்தால் ஒற்றையாகச் சேர்க்காதீர்கள். தடுப்பூசி போட்ட, தெரிந்த வீட்டிலிருந்து அதே வயதுள்ள இன்னொரு கோழியை வாங்கி, இரண்டையும் முதலில் ஒன்றாகப் பழக்குங்கள். இரண்டாக இருந்தால் கொத்து பங்காகும், பயம் குறையும், ராத்திரி ஒட்டி உட்காரத் துணையும் இருக்கும். துணைக்காகச் சந்தைக்கு ஓடி இன்னொரு சீக்கை வாங்கி வந்துவிடாதீங்க.

முதல் 4 வாரம் தனி

வெளியிலிருந்து வந்த கோழி எவ்வளவு துடிப்பாக இருந்தாலும் 3 முதல் 4 வாரம் தனியே இருக்கட்டும். ஏன்? வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய்க் கிருமி உள்ளே போனபின், பெரும்பாலும் 2 முதல் 15 நாளுக்குள்தான் நோய் வெளியே தெரியும். சந்தையில் நல்லா இருந்த கோழி பத்தாம் நாள் சீக்காகலாம். சளிநோயும் அப்படித்தான், மேலுக்குத் தேறிய கோழிகூடக் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். அம்மை, செள்ளு, குடற்புழு எல்லாமே புதுக் கோழியோடு வரக்கூடிய சீர்தான்.

தனி என்றால் கூட்டுக்குப் பக்கத்து மூலை அல்ல. இடம் இருந்தால் 30 அடியாவது தள்ளி வையுங்கள். புறநகரில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சந்து மட்டும் இருக்கிறவர்கள் மொட்டை மாடியில் நிழலான இடத்திலோ வீட்டின் மறுபக்கத்திலோ கூண்டை வைக்கலாம். தண்ணீர்க் கிண்ணமும் தீவனத் தட்டும் அதற்கென்று தனி. காலையில் பழைய கோழிகளை முதலில் கவனித்துவிட்டு, புதுக் கோழியைக் கடைசியில் கவனியுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அங்கே மிதித்த செருப்போடு பழைய கூட்டுக்குள் போகாதீர்கள்.

இந்த நாட்களில் ஒரு ஒழுங்கோடு வேலை செய்யலாம். முதல் இரண்டு மூன்று நாள் ஓய்வு. குடிக்கச் சுத்தமான தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து வையுங்கள். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாய்ப் பக்கத்திலும் இறகைப் பிரித்துப் பேன், செள்ளு இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாறு நாள் ஆனபின் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு மருந்து கொடுங்கள். அதற்கு ஒரு வாரம் கழித்து, கோழி நல்ல நிலையில் இருந்தால் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. அப்போது பழைய கோழிகளுக்கும் சேர்த்தே போட்டுவிடுவது நல்லது. ஊசி போட்டதும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. ஒன்றிரண்டு வாரம் ஆகும். சீக்குக் கோழிக்குத் தடுப்பூசி போடக்கூடாது.

வீட்டில் பொரித்த குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 4-ஆவது வாரம் லசோட்டா, 8-ஆவது வாரம் இறக்கையில் தோலுக்கடியில் ஊசி என்பது வழக்கமான கணக்கு. பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்கள் நடப்பதுண்டு. மற்ற நாட்களில் கோழிக்கு எந்தக் கிழமை ஊசி போடுகிறார்கள் என்று உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் பழகட்டும்

நான்கு வாரம் சுகமாகக் கழிந்தது. இப்போது கூட்டத்தில் விடலாமா? இன்னும் கூடாது. அடுத்த 7 முதல் 10 நாள், பார்க்கலாம், தொடக்கூடாது என்கிற நிலையில் வைக்கணும். அதற்கு நம்மிடம் இருக்கிற பஞ்சாரத்தைவிடச் சிறந்த சாதனம் கிடையாது. பகலில் கோழிகள் மேய்கிற இடத்தில், நிழலாகப் பார்த்து, புதுக் கோழியைப் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வையுங்கள். நாய் தள்ளாதபடி மேலே ஒரு கல். உள்ளே தண்ணீரும் தீவனமும். இடைவெளி வழியாகக் கொத்தித் தலையைக் காயப்படுத்தாதபடி கண் நெருக்கமான பஞ்சாரமாக இருக்கட்டும். பெரிய கூடு வைத்திருப்பவர்கள் உள்ளேயே ஒரு பக்கம் கம்பிவலை அடித்துத் தடுக்கலாம்.

முதல் நாள் எல்லாக் கோழியும் சுற்றி நின்று கத்தும், இறகைச் சிலிர்க்கும். பஞ்சாரத்துக்கு வெளியே ஒட்டினாற்போலக் கொஞ்சம் நொய் தூவுங்கள். உள்ளே ஒரு கோழி, வெளியே நாலு கோழி. ஒரே நேரத்தில் பொறுக்கித் தின்னட்டும். நாலைந்து நாளில் கத்தல் அடங்கும். பஞ்சாரத்தைக் கவனிக்காமல் மற்றவை தம்பாட்டுக்குக் கிளறத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்ததாக, கூட்டத்தில் சாதுவான ஒரு பெட்டையைத் தேர்ந்தெடுத்துப் புதுக் கோழியோடு ஓரிரண்டு நாள் ஒன்றாக விட்டுப் பாருங்கள். பிறகு கூட்டத்துக்குள் போகும்போது ஒரு தெரிந்த முகம் அதற்கு இருக்கும்.

கலந்து விடும் நாள்

கலக்க நல்ல நேரம் மாலை, அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. நல்ல நேரம் என்றால் பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இருக்கிற நேரமாக இருந்தால் போதும். திறந்த இடத்தில் விடுங்கள். கூட்டுக்குள் வைத்துக் கலக்காதீர்கள். தீவனத்தை ஒரே தட்டில் கொட்டாமல் பரவலாகத் தூவுங்கள். தின்கிற வாய் கொத்தாது.

இடத்தில் மறைவு வேண்டும். சாய்த்து வைத்த ஒரு பலகை, இரண்டு பக்கமும் திறந்த ஒரு பெட்டி, வாழையடி, விறகு அடுக்கு, எதுவானாலும் சரி. ஆனால் ஒரு வழியாகப் போய் மறு வழியாக வெளியே வர முடிய வேண்டும். ஒரே வாசல் உள்ள மூலை புதுக் கோழிக்குப் பொறி. தண்ணீர் இரண்டு இடத்தில், தீவனம் இரண்டு இடத்தில், ஒன்றை மறைத்து மற்றது என்பதுபோல வையுங்கள். மேலே உள்ள கோழி ஒரு இடத்தைத்தான் காவல் காக்க முடியும்.

முதல் நாள் ஒரு மணி நேரம். மறுநாள் இரண்டு மணி. இப்படி ஒரு வாரத்தில் முழுப் பகலும் கூட்டத்தோடு இருக்கும்படி ஆகட்டும். அதுவரை ராத்திரி தனிக் கூண்டுதான்.

"ராத்திரி இருட்டில் கூட்டுக்குள் வைத்துவிட்டால், காலையில் எல்லாம் ஒன்றாகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, கொத்தாது. ஆனால் விடியற்காலை வெளிச்சம் வரும்போது கூடு மூடியிருக்கும், நீங்கள் இன்னும் எழுந்திருக்க மாட்டீர்கள். ஓட இடமில்லாத பெட்டிக்குள் புது முகம் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் சாவுகூட நேரலாம். பகலில் பழகி முடித்த பிறகு ராத்திரி கூட்டுக்குள் வையுங்கள். முதல் நாலைந்து நாள் விடிவதற்கு முன்பே எழுந்து கூட்டைத் திறந்துவிடுங்கள். உட்காரும் கழியில் ஒரு கோழிக்கு 8 அங்குலமாவது இடம் இருக்கணும். இடம் பற்றாவிட்டால் வயதில் சிறியதுதான் கீழே விழும்.

தீவனத்தில் ஒரு கவனம்

முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். முட்டையிடாத இளங்கோழி அதைத் தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெடும். ஆகவே கலந்து மேயும் காலத்தில் எல்லாவற்றுக்கும் வளர்தீவனமோ, நொய், கம்பு, தவிடு கலந்த வீட்டுத் தீவனமோ போடுங்கள். முட்டையிடுகிற கோழிகளுக்காகக் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள். தேவையான கோழி தானே போய்த் தின்னும்.

எப்போது நாம் தலையிடணும்?

ஒன்றிரண்டு கொத்து, கொஞ்ச தூரம் விரட்டல், இறகு ஒன்று உதிர்தல், இதெல்லாம் வழக்கம். நடுவில் புகுந்து தடுத்தால் வரிசை முடிவாகாது. நாளைக்கும் அதே சண்டை நடக்கும். ஆனால் மூன்று அடையாளம் கண்டால் உடனே பிரியுங்கள். ரத்தம் வந்தால், இரண்டு மூன்று கோழி சேர்ந்து மூலையில் அமுக்கினால், புதுக் கோழி இரை எடுக்காமல், தண்ணீர் குடிக்காமல் ஒதுங்கியே நின்றால். இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். மாலையில் அது காலியாக இருந்தால் பட்டினி என்று அர்த்தம்.

ரத்தம் மிக முக்கியம். சிவப்பைக் கண்டால் சாதுக் கோழியும் கொத்தும். காயத்தை உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சள் தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, ஆறும்வரை பஞ்சாரத்தில் வையுங்கள். காயம் ஆழமாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறும் நாட்களில் அது கூட்டத்தின் கண்ணில் படும்படி இருக்கட்டும். இல்லாவிட்டால் மறுபடி அந்நியமாகிவிடும்.

ஒரே ஒரு கோழிதான் விடாமல் துரத்துகிறதா? புதுக் கோழியை எடுக்காதீர்கள். துரத்துகிற கோழியைப் பிடித்து மூன்று நாலு நாள் தனியே அடையுங்கள். அது திரும்பி வரும்போது அதுவே தன் இடத்தைத் தேட வேண்டியிருக்கும். பழைய வேகம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

புதுசு இளஞ்சேவலாக இருந்தால் கணக்கு வேறு. சிறுசாக இருக்கும்போது பெரிய சேவல் பொறுத்துக்கொள்ளும். கூவத் தொடங்கியதும் பொறுக்காது. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிச்சத்தைக் காலத்தில் விற்றுவிடுங்கள்.

தாயில்லாத ஒரு நாள் குஞ்சு

பொரித்து ஒன்றிரண்டு நாளே ஆன குஞ்சு ஒற்றையாக மிஞ்சினால் வழி வேறு. அதே சமயத்தில் குஞ்சு பொரித்த தாய்க்கோழி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், ராத்திரி இருட்டில் சத்தமில்லாமல் அதன் வயிற்றுக்கடியில் இந்தக் குஞ்சை வையுங்கள். காலையில் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஏற்றுக்கொண்டால் கவலை விட்டது; கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள். தாயின் குஞ்சுகளுக்கு ஒரு வாரம் ஆகிவிட்டால் அநேகமாக ஏற்காது. தாய் கிடைக்காவிட்டால் பெட்டியில் பல்பு போட்டுச் சூடு கொடுத்து வளர்க்கணும். குஞ்சு பல்புக்கு அடியில் ஒண்டினால் சூடு போதவில்லை. விலகி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம்.

எந்தப் பருவம்?

நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கோழி மாற்றவே மாற்றாதீர்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவ்வளவு வெள்ளம் இல்லாத வருஷத்திலும் முற்றத்தில் தண்ணீர் நின்று கோழிகள் நாள் கணக்கில் அடைந்து கிடக்கும். அடைந்து கிடக்கிற கோழி கொத்தும். கத்திரி வெயிலும் ஆகாது. வெயிலில் வாடுகிற கோழிக்கு இந்தத் தொந்தரவும் சேர்ந்தால் தாங்காது. தை, மாசி மாதம்தான் நல்ல காலம். தையில் தனியே வைத்தால், மாசி கடைசியில் கூட்டத்தோடு சேர்த்துவிடலாம். கூட்டத்தில் குஞ்சோடு தாய்க்கோழி திரிகிற சமயமாக இருந்தால் அது குஞ்சைப் பிரியும்வரை பொறுங்கள்.

சந்தேகம் கேட்க இடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் பொத்தேரிக்கு அருகே காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. புறக்கடைக் கோழி வளர்ப்பைப் பற்றி அங்கே நேரில் கேட்கலாம். கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் குப்பையிலோ ஏரியிலோ போடாமல், உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

சுருக்கமாக மறுபடி சொல்கிறேன். 4 வாரம் தனியே. 10 நாள் பஞ்சாரத்தில், கண்ணால் மட்டும். ஒரு வாரம் மாலை நேரத்தில், உங்கள் கண் முன்னால். அதன் பிறகு கூட்டில். ஆக மொத்தம் ஒன்றரை மாதம். வீட்டிலேயே பிறந்து வளர்ந்த குஞ்சுக்கு முதல் 4 வாரம் தேவையில்லை, மற்றதெல்லாம் தேவை.

ஒன்றரை மாதமா என்று மலைக்க வேண்டாம். இதற்குக் காசு செலவில்லை. ஒரு பஞ்சாரமும் கொஞ்சம் பொறுமையும்தான். அந்த ஒற்றைக் கோழி பிழைத்து வளர்ந்தால், ஐந்தாறு மாதத்தில் முட்டையிடும், அடை உட்காரும், நாளைக்கு ஒரு கூட்டத்துக்கே தாயாகும்.